ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு மாறலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஐடி துறையில் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டவர்கள் பலரும் இப்போது சொல்வது: ‘ப்ராடக்ட் பக்கம் போயிடலாம்னு இருக்கேன்.’ டெவலப்பர், டெஸ்டர், சப்போர்ட் என்று ஐடிக்கு உள்ளே இருப்பவர்களோடு, வங்கி ஊழியர், செவிலியர், கல்லூரி விரிவுரையாளர் என வெளியே இருப்பவர்களும் இதே யோசனையில் இருக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்த ஆசையை நம்பிப் பெருங்கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்களும் பெருகிவிட்டன. பணம் கட்டுவதற்கு முன்பும், இருக்கிற வேலையை விடுவதற்கு முன்பும் தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ப்ராடக்ட் மேனேஜர் என்னதான் செய்கிறார்? ப்ராஜெக்ட் மேனேஜரைத்தான் இப்படிச் சொல்கிறார்களா?

இல்லை. இரண்டையும் ‘பிஎம்’ என்று சுருக்குவதால் வந்த குழப்பம் இது. ஒப்புக்கொண்ட வேலை ஒப்புக்கொண்ட தேதியில், ஒப்புக்கொண்ட செலவுக்குள் முடிகிறதா என்று பார்ப்பவர் ப்ராஜெக்ட் மேனேஜர். அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா, யாருக்காகச் செய்கிறோம், எது முதலில், எது வேண்டவே வேண்டாம் என்ற முடிவுகளுக்குப் பொறுப்பேற்பவர் ப்ராடக்ட் மேனேஜர்.

தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கை முழுக்க மாவு, எதிரே ஆறேழு பேர். வாங்கியவர் யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டுகிறார். காசு வந்துவிட்டதா, காட்டுவது பழைய ஸ்கிரீன்ஷாட்டா என்று உறுதிசெய்ய இவர் கையைத் துடைத்து, தன் போனைத் தேடி எடுத்து, மெசேஜ் வரும்வரை நிற்க வேண்டும். அதற்குள் எண்ணெயில் கிடக்கும் பஜ்ஜி கருகிவிடும். என்ன வேண்டும் என்று அவரையே கேட்டால் ‘மெசேஜ் சீக்கிரம் வரணும்’ என்றுதான் சொல்வார். ஆனால் வேலை நடுவில் அவரால் திரையைப் பார்க்க முடியாது என்பதுதான் உண்மையான சிக்கல். பணம் வந்ததைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் அதைத் தீர்த்தது.

‘பேசும் பெட்டி’ என்று முடிவான பிறகும் கேள்விகள் தீர்வதில்லை. கடைக்காரரின் போனோடு இணைப்பதா, பெட்டிக்குள்ளேயே சிம் வைப்பதா? போனில் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும்? பேட்டரி எத்தனை நாள் தாங்க வேண்டும்? மாத வாடகை கேட்டால் கொடுப்பாரா? எந்தெந்த மொழி முதலில்? வன்பொருள் செய்பவர், மென்பொருள் எழுதுபவர், கடை கடையாக ஏறி விற்பவர் என ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பகுதிதான் தெரியும். எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, விடை கிடைக்கும்வரை விடாமல் நிற்பது ப்ராடக்ட் மேனேஜரின் வேலை.

கணினிக்கு முன்பே இந்தப் பொறுப்பு வந்துவிட்டது. 1931இல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பின் நிழலில் கேமே வளராமல் நிற்பதைக் கண்டு, ஒவ்வொரு பிராண்டின் நல்லது கெட்டதற்கும் பொறுப்பேற்கத் தனி ஆட்கள் வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சரானவர் இவர். அந்த ஏற்பாட்டைப் பின்னாளில் கணினி நிறுவனங்கள் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டன.

பெயரில் ‘மேனேஜர்’ இருந்தாலும் டெவலப்பரோ டிசைனரோ பொதுவாக இவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை. அவர்களுடைய அப்ரைசல் இவர் கையில் கிடையாது. காரணம் சொல்லித்தான் இணங்கவைக்க வேண்டும். ‘என்கீழ் இருபது பேர்’ என்று சொல்லிக்கொள்வதில் நிறைவு காண்பவர்களுக்கு இந்த வேலை பெரிய ஏமாற்றமாக இருக்கும்.

சர்வீஸ் கம்பெனியில் எட்டு வருடமாக டெஸ்டிங். கிளையன்ட் சொல்வதைச் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. எதைச் செய்வது என்ற முடிவு உங்கள் அலுவலகத்தில் எடுக்கப்படுவதில்லை. கிளையன்ட் பக்கம் எடுக்கப்படுகிறது. அதனால் உங்கள் ரெஸ்யூமேயில் முடிவெடுத்த அனுபவம் தெரியாது. ஆனால் எட்டு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கிளையன்டுக்கு டெஸ்ட் செய்தவருக்கு, கிளைம் எந்தக் கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பது அத்துப்படி. அதுதான் உங்கள் கையிருப்பு. ‘800 டெஸ்ட் கேஸ் எழுதினேன்’ என்ற வரியை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிட்டு, ‘கிளைம் படிவத்தில் இந்த இடத்தில்தான் மக்கள் தவறு செய்கிறார்கள் என்று காட்டினேன், இந்த மாற்றம் வந்தது’ என்று எழுத முடிகிறதா பாருங்கள்.

சர்வீஸ் கம்பெனிகளுக்கு உள்ளேயே சொந்தத் தயாரிப்புகள் உண்டு என்பதும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. வங்கிகள் பயன்படுத்தும் ஃபினக்கிள் இன்ஃபோசிஸ் குழுமத்துடையது, பேன்க்ஸ் டிசிஎஸ்ஸுடையது. உங்கள் கம்பெனியிலும் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே இடமாற்றம் கேளுங்கள். பிசினஸ் அனலிஸ்ட் வேலையும் நல்ல படிக்கட்டுதான்.

வெளிநாட்டு நிறுவனங்களின் சென்னை மையங்களில் ‘ப்ராடக்ட் ஓனர்’ என்ற பதவி நிறையவே கிடைக்கும். சேருவதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் முடிவெல்லாம் அமெரிக்காவில் எடுத்துவிட்டு, அதை ஜிரா என்ற பணிப்பட்டியல் மென்பொருளில் டிக்கெட்டாகப் பிரித்துப் போடுவதை மட்டும் இங்கே விடுவார்கள். ‘இந்தப் பதவியில் இருப்பவர் கடைசியாக எதை வேண்டாம் என்று நிறுத்தினார்?’ என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் நிலைமை புரிந்துவிடும்.

கோடிங் தெரியாமல் முடியுமா?

முடியும். எழுதத் தெரிய வேண்டியதில்லை, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். ‘இதற்கு மூன்று வாரம் ஆகும்’ என்று டெவலப்பர் சொன்னால் எந்தப் பகுதிக்கு அவ்வளவு நேரம், எதைக் குறைத்தால் ஒரு வாரத்தில் முடியும் என்று கேட்கும் அளவு வேண்டும். ஏபிஐ என்றால் என்ன, டேட்டாபேஸில் தகவல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழியைப் படியுங்கள். எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள் என்பதை அடுத்தவர் தயவு இல்லாமல் நீங்களே எடுத்துப் பார்க்கும்போது உங்கள் வாதத்துக்கு வரும் பலமே வேறு. கிளவுட், பேமென்ட் கேட்வே போல டெவலப்பர்களே வாடிக்கையாளர்களாக இருக்கும் தயாரிப்புகளுக்கு மட்டும் ஆழமான தொழில்நுட்ப அறிவு கட்டாயம்.

எம்பிஏ வேண்டுமா? ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு இஎம்ஐயில் சேரச் சொல்கிறார்கள்.

சேராதீர்கள் என்பதே என் பதில். சான்றிதழைப் பார்த்து இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மிகக் குறைவு. அந்தப் படிப்புகளில் சொல்லித்தருவதில் பெரும்பகுதி இலவசமாகவும், குறைந்த விலைப் புத்தகங்களிலும் கிடைக்கிறது. மார்ட்டி கேகன் எழுதிய ‘இன்ஸ்பயர்டு’ இத்துறையில் பலரும் முதலில் எடுக்கும் புத்தகம். ஒரு தயாரிப்பைக் கட்டும் முன் நான்கு ஆபத்துகளைச் சோதிக்கச் சொல்பவர் அவர்: மக்கள் இதை விரும்புவார்களா, அவர்களால் பயன்படுத்த முடியுமா, நம்மால் செய்ய முடியுமா, நம் வியாபாரத்துக்கு இது ஒத்துவருமா. இந்த நான்கையும் உங்கள் கையில் இருக்கும் செயலி ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பார்த்தாலே நல்ல பயிற்சி.

ஒழுங்காக உட்கார்ந்து படிக்க ஆசான் வேண்டும், கூடப் படிக்கத் தோழர்கள் வேண்டும் என்றால் சிறிய கட்டணத்தில் ஒரு வகுப்புக்குப் போகலாம். கடன் வாங்கி வேண்டாம். ‘வேலை உத்தரவாதம்’ என்று யாராவது சொன்னால், அந்த உத்தரவாதத்தின் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். எந்த வேலை, எவ்வளவு சம்பளம், பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நல்ல கல்லூரியின் எம்பிஏ கதை வேறு. கேம்பஸ் வழியாகவே ப்ராடக்ட் வேலைக்கு எடுக்கிறார்கள், அது மெய்யான வாசல். ஆனால் இரண்டு வருடச் சம்பளத்தையும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நான் ஐடியே இல்லை. வங்கி கவுன்டரில் பன்னிரண்டு வருடம். எனக்கெல்லாம் எங்கே?

உங்களுக்கு இடம் உண்டு என்று உறுதியாகச் சொல்வேன். கணவர் இறந்த பிறகு பாஸ்புக்கோடு வந்து நிற்கும் பெண்மணியிடம் என்னென்ன ஆவணம் கேட்கிறீர்கள், நாமினி பெயர் போடாத கணக்கில் என்ன சிக்கல், ஆதாரில் ஒரு இனிஷியலும் பாஸ்புக்கில் இன்னொரு இனிஷியலுமாக வரும்போது கேஒய்சி எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு உள்ளங்கை ரேகை. வங்கிச் செயலி செய்யும் இருபத்தைந்து வயது இன்ஜினியருக்கு இது தெரியாது. மருத்துவமனை மென்பொருளுக்குச் செவிலியரும், கல்விச் செயலிக்கு ஆசிரியரும் இதேபோலத் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் நேரே ப்ராடக்ட் மேனேஜர் பதவிக்கு விண்ணப்பித்தால் ரெஸ்யூமே முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். அந்தத் துறைக்கு மென்பொருள் விற்கும் கம்பெனியில் சப்போர்ட், ப்ரீசேல்ஸ், வாடிக்கையாளர் இடத்தில் மென்பொருளை நிறுவிக் கொடுக்கும் இம்ப்ளிமென்டேஷன் ஆகிய வேலைகளில் ஒன்றில் நுழையுங்கள். அங்கிருந்து உள்ளே நகர்வது சுலபம்.

இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம், இன்றைய ஜோஹோ அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த காலத்தில் ப்ரீசேல்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தவர். வாங்க வருபவர்களுக்கு மென்பொருளை விளக்கிக் காட்டும் வேலை. அங்கிருந்து ப்ராடக்ட் மேனேஜராகி, ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பிரிவின் துணைத் தலைவர்வரை உயர்ந்தார். 2010இல் வெளியேறித் தொடங்கிய நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. சுந்தர் பிச்சையையும் பலர் உதாரணம் காட்டுவார்கள். ஐஐடி கரக்பூரில் உலோகவியல் படித்து, செமிகண்டக்டர் கருவி நிறுவனத்திலும் ஆலோசனை நிறுவனத்திலும் இருந்துவிட்டு 2004இல் கூகுளில் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பணிக்குச் சேர்ந்தவர் அவர். துறை மாறியவர் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதையில் ஸ்டான்ஃபோர்டும் வார்ட்டனும் இருந்தன. பெரும்பாலானவர்களுக்குக் கைக்கு எட்டுவது ப்ரீசேல்ஸ் பாதைதான்.

சரி, திங்கட்கிழமை காலை எதிலிருந்து தொடங்குவது?

இப்போது இருக்கும் கம்பெனியிலிருந்தே. வெளியே விண்ணப்பித்தால் உங்களை யாருக்கும் தெரியாது. பழைய ப்ராடக்ட் அனுபவம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். உள்ளே உங்கள் பேச்சுக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு இருக்கிறது. மாறுகிறவர்களுக்கு நான் பார்த்தவரை மிகவும் பலன் தந்த வழி இதுவே. எப்படி என்று ஒரு உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம்.

பில்லிங் மென்பொருள் செய்யும் கம்பெனியில் சப்போர்ட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாளான 11ஆம் தேதியை ஒட்டி, மாதாமாதம் போன் ஓயாமல் அடிக்கிறது. ‘ரிப்போர்ட் தப்பா வருது’ என்று புகார். உங்கள் டீமில் அதை ‘ரிப்போர்ட் பிரச்சினை’ என்று குறித்துவைக்கிறார்கள். நீங்கள் பழைய புகார் டிக்கெட்டுகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறீர்கள். ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கிறது. பில் போடும்போது வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்தைக் கடைப்பையன் மாற்றி அடித்திருக்கிறார். அது கணக்காளர் தாக்கல் செய்யும் நாளில்தான் தெரிகிறது. அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. பில் வாங்கியவரை எங்கே தேடுவது?

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. எனவே ஒரு எழுத்து மாறினாலும், பில் போடும் அந்த நொடியிலேயே, இன்டர்நெட் இல்லாமலே மென்பொருளால் பிழையைக் காட்ட முடியும். இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யாருக்குச் சிக்கல், கடந்த மூன்று மாதத்தில் எத்தனை டிக்கெட், இப்போது அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மாற்றம் என்ன, இப்போதைக்கு எதைச் செய்ய வேண்டாம், இரண்டு மாதம் கழித்து எந்த எண்ணிக்கை குறைந்தால் வென்றோம் என்று சொல்லலாம். ‘எதைச் செய்ய வேண்டாம்’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். அந்த எண் உண்மையில் நடப்பில் இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் சரிபார்ப்பது நல்ல யோசனைதான், ஆனால் அது பெரிய வேலை, முதல் கட்டத்தில் தேவையில்லை என்று காரணத்தோடு எழுதத் தெரிந்தவரைப் பார்த்தால் எந்த ப்ராடக்ட் மேனேஜரும் நிமிர்ந்து உட்காருவார்.

அந்தப் பக்கத்தை உங்கள் கம்பெனி ப்ராடக்ட் மேனேஜரிடம் கொடுத்து, ‘இதில் நான் எதைப் பார்க்கத் தவறினேன்?’ என்று கேளுங்கள். வேலை கேட்காதீர்கள், கருத்து கேளுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் சின்னச் சின்னப் பொறுப்பு வரத் தொடங்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். பிறகு இடமாற்றம் கேட்கும்போது உங்களுக்காகப் பேச உள்ளே ஒருவர் இருப்பார். உங்கள் மேலாளருக்குத் தெரியாமல் இதையெல்லாம் செய்யாதீர்கள். பின்னால் அவர் கையெழுத்து வேண்டும்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

‘சென்னை மெட்ரோவின் வாட்ஸ்அப் டிக்கெட்டை உங்களிடம் ஒப்படைத்தால் என்ன மாற்றுவீர்கள்?’ என்பது போன்ற கேள்விகள் நிச்சயம் வரும். 2023 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள வசதி அது. உடனே பத்து புதிய வசதிகளை அடுக்குபவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். தினமும் ஒரே வழியில் போகிறவரா, விமான நிலையத்தில் இறங்கி முதல்முறை ஏறுகிறவரா, அம்மா அப்பாவுக்குச் சேர்த்து எடுக்கிறவரா, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேளுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஏன் அவர் என்று சொல்லி, அவருடைய ஒரே ஒரு சிக்கலுக்குள் ஆழமாகப் போங்கள். ‘போன வாரம் விற்பனை திடீரென்று குறைந்தது, ஏன்?’ என்பது இன்னொரு வகை. விடுமுறையா, பேமென்ட் தோல்வியா, ஒரு நிலையத்தில் மட்டுமா, எல்லா இடத்திலுமா என்று வரிசையாகப் பிரித்துக்கொண்டே போகும் பொறுமையைத்தான் அங்கே பார்க்கிறார்கள். சரியான விடை என்று ஒன்றை அவர்கள் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை.

ஆங்கிலம் சரளமாக வராது. அதுவே பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தால் நல்ல ஆட்கள் பலர் விண்ணப்பிக்காமலே நின்றுவிடுகிறார்கள், அது வருத்தமான விஷயம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான தயாரிப்பு என்றால் ஆங்கிலம் தேவை, மறைக்க வேண்டாம். ஆனால் தேவைப்படும் ஆங்கிலம் தெளிவான ஆங்கிலம். உச்சரிப்பு அழகு இரண்டாம்பட்சம். இந்த வேலையில் பாதி எழுத்தில் நடப்பது. சின்ன வாக்கியங்களில், ஒரு பத்திக்கு ஒரு விஷயம் என்று எழுதிப் பழகினால் பேச்சும் பின்னாலேயே வரும். கடைக்காரர்கள், மருத்துவமனைகள், பள்ளிகள் என உள்ளூர்ச் சந்தைக்குச் செய்யும் நிறுவனங்களில், திருப்பூர் பனியன் முதலாளியோடு அரைமணி நேரம் தமிழில் பேசி அவர் சொல்லாமல் விட்டதையும் பிடித்துவருபவருக்குத் தனி மதிப்பு உண்டு.

சம்பளம் குறையுமா?

கம்பெனிக்குள்ளேயே மாறினால் பெரும்பாலும் குறையாது. வெளியே போனால் ஒரு படி இறங்கிச் சேர வேண்டிவரலாம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் வேலையை விட்டுவிட்டுத் தேடும் துணிச்சல் வேண்டாம். மூன்று மாத நோட்டீஸ் பீரியடையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதாகிவிட்டது...

தொடக்க நிலைப் பதவிகளுக்கு வயது தடையாகத்தான் இருக்கும். உங்கள் துறை அறிவு அபூர்வமானதாக இருக்கும் நிறுவனங்களை மட்டும் குறிவையுங்கள். நூறு விண்ணப்பம் போடுவதைவிட அப்படிப்பட்ட ஐந்து இடங்களில் நேரில் பேசுவது பலன் தரும்.

சென்னையிலேயே கிடைக்குமா?

பெங்களூருவில் வாய்ப்பு அதிகம். ஆனால் ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ எல்லாம் சென்னையில் வளர்ந்தவை. பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் இந்தத் தொழிலில் சென்னைக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஊரை விட முடியாதவர்கள் முதலில் இவற்றைச் சுற்றி முயலலாம்.

ஏஐ வந்து இந்த வேலையையே விழுங்கிவிடும் என்கிறார்களே?

ஒரு பகுதியை விழுங்கும். கூட்டத்தில் பேசியதைத் தொகுப்பது, தேவைகளை ஆவணமாக எழுதுவது, போட்டியாளர்களை ஒப்பிட்டு அட்டவணை போடுவது எல்லாம் இப்போதே ஏஐ நிமிடங்களில் செய்துவிடுகிறது. அதை மட்டுமே செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஆபத்துதான். ஏஐயைத் தவிர வேறு காரணங்களாலும் இந்தப் பதவியின் எல்லைகள் மாறி வருகின்றன. 2023இல் தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பியின் தலைவர் பிரையன் செஸ்கி, தம் நிறுவனத்தில் பழைய பாணி ப்ராடக்ட் மேனேஜ்மென்டை எடுத்துவிட்டு, அதைச் சந்தைப்படுத்தும் பொறுப்போடு இணைத்ததாகச் சொன்னபோது பெரிய விவாதம் நடந்தது. இன்னொரு பக்கம், கோடிங் தெரியாதவரும் ஏஐ உதவியால் ஒரு மாதிரிச் செயலியை ஒரே மாலையில் செய்து காட்டலாம். மேலே சொன்ன ஜிஎஸ்டி எண் யோசனையை, ஒரு பக்கக் குறிப்போடு கையில் ஓடும் மாதிரியாகவும் கொண்டுபோனால் யார் மறுப்பார்கள்? மாறி வருகிறவர்களுக்கு இது நல்ல காலம் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் செய்து மாறிய பிறகு பிடிக்காமல் போனால்?

பலருக்குப் பிடிக்காமல் போகிறது. நாள் முழுக்கக் கூட்டம். மாலையில் ‘இன்று இதைச் செய்தேன்’ என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. விற்பனைப் பிரிவு கேட்டதை மறுத்தால் அவர்களுக்குக் கோபம், ஒப்புக்கொண்டால் டெவலப்பர்களுக்குக் கோபம். எழுதிய கோடு ஓடுவதைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு இது வறட்சியாகத் தெரியும். அவர்கள் இன்ஜினியரிங்கிலேயே மேலே போவது நல்லது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. உங்கள் கம்பெனி ப்ராடக்ட் மேனேஜரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் அவருடைய வாடிக்கையாளர் அழைப்புகளிலும் திட்டமிடும் கூட்டங்களிலும் பேசாமல் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு அலுப்பு தட்டியதா, கேள்விகள் கூடினவா என்று பாருங்கள். மாறியே தீருவது என்றால், டெவலப்பர்கள் முதல் வருடமாவது கோடிங்கைக் கைவிடாமல் சிறிதளவு தொடர்வது நல்லது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் திரும்பிவர நினைப்பவரைப் பழைய டீமே சேர்த்துக்கொள்ளும். நாலைந்து வருடம் கடந்தால் மறுபடியும் இன்டர்வியூவுக்குத் தயாராகத்தான் வேண்டும்.